வாடகை வீட்டை விளம்பரத்துக்குப் படமெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

வீடு தேடுபவர் விளம்பரத்தைத் திறந்ததும் வாடகைத் தொகையைப் பார்ப்பார், உடனே படங்களைப் புரட்டத் தொடங்குவார். இந்தக் கதவைத் திறந்தால் எந்த அறை வரும், கட்டிலைப் போட்ட பிறகு பீரோவுக்கு இடம் மிஞ்சுமா, பகலில் விளக்குப் போடாமல் இருக்க முடியுமா என்று மனசுக்குள்ளேயே வீட்டைச் சுற்றி வருவார். அந்தச் சுற்றுக்குத் துணை வரும் படம்தான் நல்ல படம். நேரில் வந்து நிற்கும்போது "படத்தில் பார்த்த வீடேதான்" என்று அவருக்குத் தோன்ற வேண்டும். சின்ன அறையைப் பெரிதாகக் காட்டி ஆளை வரவழைத்தால், வந்தவர் முகம் மாறித் திரும்பிப் போவார். இரண்டு தரப்புக்கும் ஒரு நாள் வீண்.

இதற்கு விலையுயர்ந்த கேமரா வேண்டியதில்லை. சமீப ஆண்டுகளில் வந்த ஓரளவு நல்ல செல்போன் போதும். படம் கெடுவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: ஒதுங்க வைக்காத அறை, சாய்ந்த கேமரா, நிறம் கலந்துபோன வெளிச்சம். மூன்றையும் சரிசெய்யக் காசு செலவில்லை, பொறுமைதான் வேண்டும். இரண்டு படுக்கையறை வீடு ஒன்றுக்கு ஒதுங்க வைக்க அரை நாள், படமெடுக்க இரண்டு மணி நேரம் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

செல்போன் அல்லது கேமரா. 140 செ.மீ. வரையாவது எழும்பும் ட்ரைபாட். மேசை மேல் வைக்கும் குட்டி ட்ரைபாட் இந்த வேலைக்கு ஆகாது. செல்போன் என்றால் ட்ரைபாடில் மாட்டும் பிடிப்பான். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணி. அளவு நாடா. ஒரே நிற ஒளி தரும் பல்புகள் மூன்று நான்கு. நிறைய சார்ஜ், போதிய காலி இடம்.

மென்துணியை அற்பமாக நினைக்க வேண்டாம். பையிலும் கையிலும் புழங்கும் போனின் லென்ஸில் விரல் எண்ணெய் எப்போதும் படிந்திருக்கும். வெட்டவெளியில் அது அவ்வளவாகத் தெரியாது. ஜன்னல் உள்ள அறையில் எடுத்தால் ஜன்னலைச் சுற்றிப் பனிமூட்டம் போல வெண்மை பரவும், விளக்கிலிருந்து கோடு கோடாக ஒளி இழுக்கும். பின்னால் எந்தச் செயலியாலும் அதை முழுசாக எடுக்க முடியாது. ஒவ்வோர் அறைக்குள் நுழையும்போதும் ஒரு தடவை துடையுங்கள்.

ட்ரைபாட் இரண்டு விதத்தில் உதவுகிறது. மங்கலான அறையில் கை நடுக்கம் படத்தில் ஏறாது. அதைவிட முக்கியம், உயரத்தையும் மட்டத்தையும் ஒருமுறை சரிசெய்துவிட்டால் அப்படியே நிற்கும். கையில் பிடித்து எடுப்பவரின் படங்களில் அறைக்கு அறை உயரம் மாறும். புரட்டிப் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே வீடு தாறுமாறாகத் தோன்றும்.

முதல் நாள்: ஒதுங்க வைத்தல்

தினமும் பார்க்கும் பொருளைக் கண் தள்ளிவிட்டுப் போகும், கேமரா தள்ளாது. எனவே ஒவ்வோர் அறையையும் முதலில் போனில் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள். நேரில் தெரியாத சங்கதிகள் அதில் துருத்திக்கொண்டு நிற்கும்: டிவிக்குப் பின்னால் தொங்கும் ஒயர், கதவுக் கொக்கியில் மாட்டிய சட்டை, சுவரில் பழைய ஆணி, குளிர்பதனப் பெட்டி மேல் அடுக்கிய டப்பா. அந்தப் படத்தைப் பார்த்தே பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக எடுங்கள்.

தரை முடிந்தவரை தெரியட்டும். அறையின் அளவைக் கண் தரையை வைத்துத்தான் கணக்கிடுகிறது. கால்மிதி, சின்ன முக்காலி, செருப்பு, குப்பைத் தொட்டி எல்லாம் போகட்டும். சமையல் மேடையில் இரண்டு மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். பாத்ரூமில் வாளி, பிரஷ், ஷாம்பு பாட்டில், சோப்பு ஒன்றும் இருக்கக் கூடாது. மடித்த ஒரு துண்டு போதும். கட்டில் விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, நாலு ஓரமும் ஒரே அளவு தொங்குகிறதா என்று பாருங்கள். சுருங்கிய விரிப்பு நேரில் உறுத்தாது, படத்தில் முதலில் அதுதான் தெரியும்.

எடுத்த சாமான்களை அடுத்த அறையில் குவித்தால் அந்த அறைக்குப் போகும்போது திண்டாட்டம். ஒரு பெரிய பெட்டியில் போட்டு, படமெடுக்காத இடத்தில் வையுங்கள். படமெடுக்காத இடமே இல்லையென்றால், முடித்த அறைக்குள் தள்ளிக்கொண்டே போங்கள்.

உடைந்த ஸ்விட்ச், சொட்டும் குழாய், ஓதம் ஏறி உரிந்த சுவர் இருந்தால் முதலில் பழுது பாருங்கள், பிறகு படமெடுங்கள். அதை மறைக்கும் கோணத்தைத் தேடுவதில் செலவழிக்கும் நேரத்தில் பாதி பழுது முடிந்துவிடும். ஜன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிடுங்கள். எதிர்வெளிச்சத்தில் ஒவ்வொரு கறையும் பளிச்சென்று தெரியும்.

எந்த நேரத்தில் எடுப்பது

வீட்டின் முகப்பில் வெயில் விழும் நேரத்தில் முகப்பை எடுக்க வேண்டும்: கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை, மேற்குப் பார்த்த வீட்டுக்குப் பிற்பகல். சூரியன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும்போது எடுத்தால் முகப்பு கறுத்துப்போய் வானம் வெளுத்துவிடும்.

உள்ளறைகளுக்குக் கணக்கு நேரெதிர். வெயில் நேரடியாக உள்ளே விழாத நேரமே நல்லது. தரையில் வெயில் கட்டம் விழுந்திருந்தால் அந்தக் கட்டம் எரிந்து வெளுக்கும், அறையின் மற்ற பகுதி இருண்டுவிடும். எனவே கிழக்கு ஜன்னல் அறைகளைப் பிற்பகலிலும் மேற்கு ஜன்னல் அறைகளைக் காலையிலும் எடுக்கலாம். மெல்லிய மேகம் மூடிய நாள் கிடைத்தால் விடாதீர்கள். எல்லா அறையையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கருமேகம் சூழ்ந்த மழை நாள் வேண்டாம், வீடே சோர்ந்து தெரியும்.

முகப்புக்கு இன்னொரு நல்ல வேளை உண்டு. சூரியன் மறைந்து சுமார் 10 முதல் 25 நிமிடம் வரை வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். உள்ளே எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வெளியே ட்ரைபாடில் எடுத்தால் ஜன்னல்கள் இதமாக ஒளிரும். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் சட்டென்று இருட்டிவிடும் என்பதால் கேமராவை முன்கூட்டியே நிறுத்தி வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று எடுங்கள். அவற்றில் ஒன்று கச்சிதமாக அமையும்.

விளக்கைப் போடுவதா, அணைப்பதா

ஒளி மஞ்சளா நீலமா என்பதைச் சொல்லும் அளவு நிற வெப்பநிலை; எண் கூடக்கூட ஒளி நீலம் பக்கம் போகும். பகல் வெளிச்சத்துக்கு அது சுமார் 5500 கெல்வின். மஞ்சள் பல்பு 2700 முதல் 3000. வெள்ளை எல்இடி 6500 வரை போகும். நம் கண் இவற்றைச் சமன்செய்துகொள்ளும், கேமரா ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் சரிசெய்யும். ஜன்னல் பக்கம் வெள்ளையாகத் தெரிந்தால் பல்பு பக்கச் சுவர் ஆரஞ்சாகும். பல்பைச் சரிசெய்தால் ஜன்னல் பக்கம் நீலம் பூசியது போலாகும். வெள்ளைச் சுவர் படத்தில் அழுக்குச் சுவராகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஜன்னல் வெளிச்சம் போதுமான அறைகளில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு எடுங்கள். சுவரின் உண்மை நிறம் கிடைக்கும், நிழலும் மென்மையாக இருக்கும். ஜன்னல் இல்லாத நடை, பாத்ரூம் போன்ற இடங்களில் விளக்கு வேண்டும். அங்கே எல்லா பல்பும் ஒரே நிறமாக இருக்கட்டும். கொண்டுபோன பல்புகள் அதற்குத்தான். இருளும் ஒளியும் கலந்த ஹாலில் விளக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் பகலொளிக்கு நெருக்கமான 5000 கெல்வின் பல்புகளைப் போடுங்கள்.

எல்இடி, குழல்விளக்கு உள்ள அறையில் படத்தில் குறுக்குக் கோடுகள் பட்டை பட்டையாக விழலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் வேகத்தை (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், பட்டை பெரும்பாலும் மறையும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/120.

போனிலோ கேமராவிலோ உள்ள ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். முன்னால் இருக்கும் நாற்காலி வெளுத்து, பின்சுவரில் கூர்மையான நிழல் விழுந்து, அறை குகை மாதிரி ஆகிவிடும். தனி ஃபிளாஷ் இருந்தால் வெள்ளை மேற்கூரையை நோக்கித் திருப்பி அடிக்கலாம். கூரை நிறப் பூச்சாக இருந்தால் அந்த நிறம் அறை முழுவதும் இறங்கும், அப்போது வேண்டாம்.

போன், கேமரா அமைப்புகள்

போனில்: கட்டக் கோடுகளையும் மட்டக் காட்டியையும் அமைப்புகளில் இயக்குங்கள். ஹெச்டிஆர் (வெளிச்சப் பகுதியும் இருண்ட பகுதியும் ஒரே படத்தில் தெரியச் செய்யும் வசதி) தானாக இயங்கட்டும். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், பின்புறத்தை மங்கலாக்கிவிடும். பனோரமாவும் வேண்டாம், நேர்ச்சுவரை வில்லாக வளைக்கும். அழகூட்டும் ஃபில்டர்கள் எதுவும் வேண்டாம். ட்ரைபாடில் நிறுத்தி 3 நொடி டைமரில் எடுங்கள். பொத்தானைத் தொடும் அதிர்வு அடங்க அந்த நேரம் வேண்டும். ஐபோனில் படம் ஹெச்இஐசி வடிவில் சேமிக்கப்பட்டால் சில விளம்பரத் தளங்கள் ஏற்காது. கேமரா அமைப்பில் ஃபார்மேட்ஸ் என்பதற்குள் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றினால் ஜேபெக் ஆகச் சேமிக்கும்.

கேமராவில்: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, துவாரம் (லென்ஸில் ஒளி நுழையும் வாய்) எஃப் 8, ஷட்டர் வேகம் வெளிச்சத்துக்கு ஏற்ப, ரா வடிவம் (கேமரா மெருகேற்றாத அசல் பதிவு), 2 நொடி டைமர். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வு தடுப்பை அணைத்துவிடுங்கள். 20 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து ஜன்னலுக்கு வெளியே வரை எல்லாம் தெளிவாக இருக்கும்.

லென்ஸ் அகலம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறு நடக்கும் இடம் இது. முழுச் சட்டக (36 மி.மீ. அகல உணரி உள்ள) கேமராவில் 18 மி.மீ. லென்ஸ் கிடைமட்டத்தில் 90 டிகிரி காட்டும். அறையின் மூலையில் நிற்பவருக்கு இரு பக்கச் சுவருக்கும் இடைப்பட்ட கோணமும் 90 டிகிரிதான். அதற்கு மேல் அகலம் தேவையே இல்லை. செல்போனின் 0.5 மடங்கு லென்ஸ் பெரும்பாலும் 13 மி.மீ.க்கு ஈடானது, தேவைக்கு மிஞ்சிய அகலம். அதில் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் வட்ட மேசை முட்டையாகும், கட்டிலின் கால்மாடு பிரம்மாண்டமாகி எதிர்ச்சுவர் எங்கோ தூரத்தில் போய்விடும். மூன்று மீட்டர் அறை ஐந்து மீட்டர் போலத் தெரியும். பெரிய அறைகளில் 1 மடங்கு லென்ஸே போதும். சின்ன அறைக்கு 0.5 இல் தொடங்கி, விரலால் 0.7 வரை நெருக்கிக்கொள்ளுங்கள். அது 18 மி.மீ.க்கு அருகே வரும். சற்றுத் தெளிவு குறைந்தாலும் அறை உள்ள அளவில் தெரியும்.

எங்கே நிற்பது, எவ்வளவு உயரத்தில்

முதல் விதி: கேமரா மேலும் கீழும் சாயக் கூடாது. மேல்நோக்கிச் சாய்ந்தால் சுவர்கள் உச்சியில் ஒன்றை நோக்கி ஒன்று சரியும், கீழ்நோக்கிச் சாய்ந்தால் அடியில் குவியும். கதவு நிலை, ஜன்னல் சட்டம், பீரோ ஓரம் மூன்றையும் திரையின் செங்குத்துக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேர்க்கோடு நேராக இருந்தாலே படம் பாதி தேறிவிட்டது. மேற்கூரை அதிகமாக வருகிறதே என்று சாய்க்காதீர்கள். கேமராவைச் சற்று இறக்குங்கள், மிச்சத்தை எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

நின்ற வாக்கில் கண் மட்டத்திலிருந்து எடுப்பது பலருக்கும் பழக்கம். அது உயரம் அதிகம். தரைக்கும் சாமான்களுக்கும் மேலாகப் பார்க்கும், கீழே சாய்க்கத் தூண்டும். ஹாலுக்கு 120 முதல் 130 செ.மீ., படுக்கையறைக்கு 110 முதல் 120, பாத்ரூமுக்கு 120 அளவில் வையுங்கள்.

சமையலறைக்கு மட்டும் தனிக் கணக்கு. மேடையின் உயரம் வழக்கமாக 85 முதல் 90 செ.மீ.; மேல் அலமாரி இருந்தால் அதன் அடிப்பக்கம் 140 செ.மீ. அளவில் வரும். கேமராவை 100 இல் வைத்தால் மேடைப் பரப்பு ஒல்லிக் கோடாகச் சுருங்கி, அலமாரியின் பூசாத அடிப்பலகையும் ஒயரும் தெரியும். 160 க்கு ஏற்றினால் மேடை விரியும், ஆனால் கீழ் அலமாரிகளைச் சேர்க்கக் கேமராவைச் சாய்க்க வேண்டிவரும். 130 முதல் 140 க்குள் நிறுத்தினால் மேடைப் பரப்பு விரிந்து தெரியும், அலமாரியின் அடி மறைந்துவிடும். ஐந்து செ.மீ. ஏற்றி இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும்.

நிற்கும் இடம்: மூலை அல்லது வாசல்படி. முதுகைச் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். ட்ரைபாடின் ஒரு காலைச் சுவரை ஒட்டி வைத்தால் இன்னும் ஒரு சாண் கிடைக்கும். பொதுவாக இரண்டு சுவர் தெரியும் படம் இயல்பாக இருக்கும். மூன்று சுவரும் தெரிந்தால் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பது போலாகிவிடும். ஒவ்வொரு முக்கிய அறைக்கும் எதிரெதிர் மூலையிலிருந்து இரண்டு படம் எடுங்கள். அதில் ஒன்றிலாவது அறையின் கதவு தெரிய வேண்டும். கதவு தெரிந்தால்தான் அடுத்த அறை எந்தப் பக்கம் என்று பார்ப்பவருக்குப் புலப்படும். படம் அகலவாக்கிலேயே இருக்கட்டும். குறுகலான பாத்ரூம், மாடிப்படி இரண்டுக்கும் மட்டும் உயரவாக்கு பொருந்தும்.

ஜன்னல்: படத்தைக் கெடுக்கும் இடமும் காப்பாற்றும் இடமும்

நல்ல வெயில் நாளில் வெளியே உள்ள வெளிச்சம் அறைக்குள் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு, சில நேரம் நூறு மடங்குக்கும் மேல். ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்கப் போனால் ஏதாவது ஒன்று தோற்கும். இதைச் சமாளிக்கச் சில வழிகள்.

போனில், ஜன்னலை ஒட்டிய சுவரை விரலால் அழுத்திப் பிடியுங்கள். வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து, திரைச்சீலையின் நெசவு தெரியத் தொடங்கும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். அறை சற்று இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை; இருண்ட பகுதியைப் பின்னால் தூக்கிவிடலாம், எரிந்து வெளுத்த பகுதியில் மீட்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கேமராவில், ஒரே இடத்திலிருந்து மூன்று படம்: சரியான வெளிச்சத்தில் ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும், குறைத்தால் பாதியாகும். பெரும்பாலான கேமராக்களில் இதைத் தானாக எடுக்கும் பிராக்கெட்டிங் வசதி உண்டு. ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள், துவாரத்தைத் தொட வேண்டாம். பிறகு லைட்ரூம் போன்ற மென்பொருளில் ஒன்றாக இணைக்கலாம். இதற்கு முன் மின்விசிறியை அணைத்து இறக்கைகள் முழுசாக நிற்கும் வரை காத்திருங்கள், காற்றில் ஆடும் திரையைக் கட்டிவிடுங்கள். மூன்று படத்திலும் மூன்று இடத்தில் இருக்கும் பொருள் இணைத்த பிறகு பேய் உரு போலத் தெரியும்.

எதுவும் கைகூடவில்லை என்றால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள். அல்லது வெளிவெளிச்சம் இறங்கும் மாலைவரை பொறுங்கள். இன்னொன்றும் உண்டு: ஜன்னல் பக்கம் முதுகைக் கொடுத்து நின்று உள்நோக்கி எடுக்கும் படம். வெளிச்சம் உங்கள் பின்னாலிருந்து வருவதால் சுவர், தரை, அலமாரி எல்லாம் சீராகத் தெரியும். ஜன்னலைக் காட்டும் படம் ஒன்று, ஜன்னலிலிருந்து எடுத்த படம் ஒன்று என்று இரண்டும் இருந்தால் அறை முழுசாகப் புரியும்.

அறை அறையாக

ஹால்: நுழைந்ததும் கண்ணில் படும் கோணம் ஒன்று, எதிர் மூலையிலிருந்து ஒன்று. டிவியை அணைத்துவிடுங்கள், கறுப்புத் திரையில் உங்கள் உருவம் தெரிகிறதா என்று பாருங்கள். சோபாவின் முதுகு படத்தின் முன்பாதியை மறைக்கிறது என்றால் சோபாவை ஓர் அடி தள்ளுவது கேமராவை நகர்த்துவதைவிட எளிது.

படுக்கையறை: கட்டிலின் கால்மாட்டுக்கு நேராக நின்று எடுத்தால் கட்டில் மட்டுமே தெரியும். பக்கவாட்டு மூலையிலிருந்து எடுங்கள்; கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள நடைவழி தெரிய வேண்டும். சுவர் அலமாரி இருந்தால் அதைத் திறந்து வைத்து ஒரு படம். வாடகைக்கு வருபவருக்கு அலமாரியின் ஆழம் தெரிவது சுவர்ப் படத்தைவிடப் பயனுள்ளது.

சமையலறை: உயரம் மேலே சொன்னபடி. மேடைக்கு நேர் எதிரே நின்று சமமாக ஒரு படம், மூலையிலிருந்து ஒன்று. தொட்டி, குழாய், அடுப்பு வைக்கும் இடம், புகைபோக்கி அல்லது காற்றை வெளியேற்றும் விசிறி, பிளக் பாயின்ட் இவை தெரியட்டும்.

பாத்ரூம்: கழிப்பறை மூடியைச் சாத்துங்கள். தரை உலர்ந்திருக்கட்டும், ஈரத்தில் விளக்கின் பிம்பம் விழும். கண்ணாடிதான் இங்கே பெரிய தொல்லை. கண்ணாடிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கண்ணாடியில் நீங்கள் லென்ஸைப் பார்க்க முடிந்தால் லென்ஸும் உங்களைப் பார்க்கிறது. ட்ரைபாடைச் சற்று நகர்த்துங்கள், டைமரை 10 நொடியாக வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். மிகச் சின்ன பாத்ரூமை வாசலுக்கு வெளியே நின்றே எடுக்கலாம். கதவு நிலை ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தால் தவறில்லை, அளவு உண்மையாகப் புரியும்.

பால்கனி: உள்ளிருந்து வெளியே ஒன்று, வெளியே நின்று காட்சியோடு ஒன்று. எதிரே இன்னொரு கட்டடம் நெருக்கமாக இருந்தால் அதையும் காட்டுங்கள்.

வண்டி நிறுத்தும் இடம், மாடிப்படி, லிஃப்ட், துணி துவைக்கும் இயந்திரம் வைக்கும் இடம், வெந்நீர்க் கருவி, மின்சார மீட்டர் பலகை: இவற்றை அழகுக்காக யாரும் எடுப்பதில்லை. ஆனால் தொலைபேசியில் வரும் கேள்விகளில் பாதி இவற்றைப் பற்றித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போதும்.

காலி வீடு, ஆள் குடியிருக்கும் வீடு

காலி அறையை எடுப்பது கடினம். கண்ணுக்கு அளவுகோல் கிடைக்காது, நாலு வெள்ளைச் சுவர் மட்டும் தெரியும். கதவு, ஜன்னல், ஸ்விட்ச் பலகை மூன்றில் குறைந்தது இரண்டு படத்துக்குள் வரட்டும். அவற்றின் அளவு எல்லோருக்கும் தெரிந்ததால் அறையின் அளவும் பிடிபடும். உள்கதவுகளைத் திறந்து வையுங்கள், அடுத்த அறையின் வெளிச்சம் எட்டிப் பார்த்தால் வெறுமை குறையும். அளவு நாடாவால் அறையின் நீள அகலத்தை அளந்து, படத்தின் கீழே குறிப்பாகப் போடுங்கள். கையால் வரைந்த ஒரு தரைப்படம் இருந்தால் அதையும் சேருங்கள். எத்தனை படம் போட்டாலும் அறைகள் எப்படி இணைகின்றன என்பதை அது சொல்வது போல வேறெதுவும் சொல்லாது.

வீட்டில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் படமெடுக்கக் கூடாது. சில நாள் முன்பே நாளும் நேரமும் சொல்லுங்கள், எந்தெந்த அறை என்று சொல்லுங்கள், எடுத்த படங்களை விளம்பரத்தில் போடும் முன் அவரிடம் காட்டுங்கள். அவர் பொருளை நீங்களாகத் தொட்டு நகர்த்த வேண்டாம். காலியாக இருந்தபோது எடுத்த பழைய படங்கள் இருந்து, வீடும் அதே நிலையில் இருந்தால், அவற்றையே பயன்படுத்துவது எல்லோருக்கும் நிம்மதி.

வெளியே போகக் கூடாதவை

குடும்பப் படம், சான்றிதழ், மருந்துச் சீட்டு, மருந்து டப்பா, முகவரியுள்ள கடிதம், நாட்காட்டியில் எழுதிய குறிப்பு, கணினித் திரை, வைஃபை கடவுச்சொல் ஒட்டிய ரூட்டர், வண்டி எண். சாவி மிக முக்கியம்: தெளிவான படத்திலிருந்து சாவியின் பல்லமைப்பைப் பார்த்து மாற்றுச் சாவி செய்ய முடியும். கொக்கியில் தொங்கும் சாவிக்கொத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போன் படங்களில் ஜிபிஎஸ் இருப்பிடமும் பதிவாகும். எடுக்கும் முன்பே கேமராவுக்கான இருப்பிட அனுமதியை அணைப்பது சுலபம்.

திருத்தும் வரிசை

முதலில் செங்குத்துக் கோடுகளை நேராக்குங்கள். படம் திருத்தும் செயலியான ஸ்னாப்சீட்டில் பெர்ஸ்பெக்டிவ் கருவி இதைச் செய்யும். அடுத்து நிறச் சமன்: வெள்ளைச் சுவர் வெள்ளையாகத் தெரியும் வரை. பிறகு பளிச்சென்ற பகுதிகளைக் குறைத்து, இருண்ட பகுதிகளைக் கொஞ்சம் தூக்குங்கள். கடைசியில் வெட்டுதல். நிறச் செறிவைத் தொடாமலே விடுவது நல்லது. இருளை அளவுக்கு மீறித் தூக்கினால் நிழலே இல்லாத பொம்மை வீடு போலாகி, மூலைகளில் சாம்பல் புள்ளிகள் கிளம்பும்.

தரையில் கிடந்த காய்ந்த இலை, லென்ஸ் தூசிப் புள்ளி இவற்றை அழிக்கலாம். சுவர் விரிசல், ஓதக் கறை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் மின்கம்பம் இவற்றை அழிக்கவே கூடாது. குடிவந்தவர் நாளையும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கணினியில் சாமான்களைச் சேர்த்துக் காட்டினால் அந்தப் படத்திலேயே அதைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் காலி அறையின் அசல் படத்தையும் வையுங்கள்.

எத்தனை படம், எந்த வரிசையில்

ஒரு படுக்கையறை வீட்டுக்கு 10 முதல் 12, இரண்டுக்கு 15 முதல் 20. ஒரே அறைக்கு ஐந்து கோணம் போட்டால் பார்ப்பவர் அதை வேறு வேறு அறை என்று நினைத்துக் குழம்புவார்.

முதல் படம் வீட்டின் மிகச் சிறந்த அறை, அல்லது முகப்பு நன்றாக இருந்தால் முகப்பு. பட்டியலில் சின்னதாகத் தெரியும் படம் இதுதான். போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்து, அப்போதும் என்ன அறை என்று புரிகிறதா என்று சோதியுங்கள். சில தளங்கள் ஓரங்களை வெட்டிவிடும், எனவே முக்கியமானது நடுவில் இருக்கட்டும். அதற்குப் பிறகு நடக்கிற வரிசை: வாசல், ஹால், சமையலறை, படுக்கையறைகள், பாத்ரூம், பால்கனி, வெளியே உள்ள வசதிகள்.

நீளப் பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 80 முதல் 85, நிறவெளி எஸ்ஆர்ஜிபி (இணையப் படங்களுக்கு வழக்கமான நிற அமைப்பு). தளம் வேறு அளவு கேட்டால் அதன்படி. தரகருக்கோ உரிமையாளருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்ப வேண்டாம், சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும்; டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அசல் படங்களைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எல்லாப் படத்தையும் திரையில் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள்: மங்கல் இருக்கிறதா, கண்ணாடியில் ஆள் தெரிகிறதா, கோடு நேராக இருக்கிறதா, எந்த அறையாவது விடுபட்டதா. பொருள்கள் ஒதுங்கிக் கிடக்கும் இந்த நேரத்திலேயே இன்னொரு தொகுப்பும் எடுத்துவிடுங்கள்: சுவர், தரை, குழாய், கதவு, கருவிகள் இருக்கும் நிலையைக் கிட்டத்திலிருந்து, கீறலும் கறையும் உட்பட. இது விளம்பரத்துக்கு அல்ல. குடியேறும் நாளில் இரு தரப்பும் பார்த்து ஒப்புக்கொள்ளவும், காலி செய்யும் நாளில் முன்பணக் கணக்குப் பேசவும் வேண்டியது. தேதியிட்ட தனிக் கோப்புறையில் போட்டு, ஒரு பிரதியைக் குடிவருபவருக்கும் அனுப்பிவிடுங்கள்.